மலையும் மழையும்

புதுவை நகரின் வடபால், கடலை ஒட்டி அமைந்துள்ளது குருசுக்குப்பம். குருசு என்பது சிலுவையைக் குறிப்பது. போர்ச்சுகீசிய மொழியினின்று தமிழில் வந்து வழங்கும் சொல். குப்பம் என்பது மீனவர் வாழும் கடற்கரையூர். ஐப்பசித் திங்களில் ஒருநாள் விடியற்காலத்தே அவ்வூர் மீனவர் ஒருவர் கரையில் நின்று கீழ்வானத்தை நோக்குகின்றார். மேகம் திரண்டுள்ளதா, காற்று எத்திசையினின்று வீசுகின்றது, அலை எவ்வாறு புரள்கின்றது என்பவற்றைக் கூர்ந்து பார்க்கின்றார். படகைக் கடலில் தள்ளுவதா, கரையில் ஏற்றிக் கட்டுவதா என்பதை அந்தச் சிறிது நேரப் பார்வையே முடிவு செய்கின்றது.

அதே வேளையில், குருசுக்குப்பத்திற்கு நேர் மேற்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில், சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டில், காப்பித் தோட்டத்து உழவர் ஒருவரும் கீழ்வானத்தையே நோக்கி நிற்கின்றார். அவர் நிற்கும் இடம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. முன்னவர் நெய்தல் நிலத்தவர். பின்னவர் குறிஞ்சி நிலத்தவர். ஒருவரை ஒருவர் கண்டறியார். ஆயினும், வங்கக் கடலில் எழுந்து முன்னவர் தலைக்கு மேலே செல்லும் மேகமே பின்னவர் தோட்டத்தில் மழையாய்ப் பொழிகின்றது. அம் மழைநீரின் ஒரு பகுதி ஆறாய் இறங்கி, மீண்டும் முன்னவரது கடலையே வந்து சேர்கின்றது. ஒரே மழையால் பிணைக்கப்பட்டவர்கள் இவ்விருவரும்.

மழை குறைந்தால் உழவர் வருந்துவர் என்பது யாவரும் அறிந்தது. மழை குறையாமலேயே உழவரை வருத்தக்கூடும் என்பது பலரும் எண்ணிப் பாராதது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் அளவு முன்போலவே இருப்பினும், அது வரவேண்டிய காலத்தில் வாராமல், வாராக் காலத்தில் ஒருங்கே கொட்டுமாயின் பயிர் கெடும், மண் கரையும், உழவர் கடன்படுவர். இக் கேடு சமவெளியினும் மலைநாட்டிலேயே கடுமையாக உணரப்படுகின்றது. அஃது ஏன் என்பதை இனிக் காண்போம்.

பண்டைத் தமிழ்ச் சான்றோர் உலகப் பொருள்களை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாக வகுத்தனர். அவற்றுள் முதற்பொருள் யாது? நிலம் மட்டும் அன்று. நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்பது தொல்காப்பியர் கொள்கை. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அதற்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் ஆகும். கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்கள். முன்பனி என்பது மார்கழி, தைத் திங்கள்கள். விலங்கும் பறவையும், மரமும் உணவும், தொழிலும் ஆகிய கருப்பொருள்கள் யாவும் இவ்விரண்டையும் பற்றியே தோன்றுகின்றன. இவ்வகுப்புப் பாட்டிற்கு மட்டும் உரியது என எண்ணுதல் ஆகாது. இதில் உழவரின் பட்டறிவும் பொதிந்துள்ளது. நிலம் இருந்தும் பொழுது தவறுமாயின் தினை விளையாது, தேன் கூடாது. நிலத்தை இழந்தவர் மட்டுமே ஏழையாவர் என்பதில்லை; பொழுதை இழந்தவரும் ஏழையாவர்.

இனி, மலையில் மழை பெய்யும் முறையை அறிதல் வேண்டும். கடலின்மேல் வீசும் காற்று நீராவியை ஏந்தி வருகின்றது. சமவெளியில் அது தடையின்றிச் செல்கின்றது. மலை குறுக்கிட்டால், சரிவின் வழியே மேலே ஏறவேண்டியதாகின்றது. மேலே ஏற ஏறக் காற்றுக் குளிர்கின்றது. குளிர்ந்த காற்று மிகுந்த நீராவியைத் தாங்க இயலாது. ஆதலின் நீராவி துளிகளாகி மழையாய் விழுகின்றது. இக் காரணத்தால் காற்று மோதும் பக்கத்தில் மழை மிகுதியாகவும், மறுபக்கத்தில் குறைவாகவும் பெய்கின்றது. மலையின் ஒரு பக்கத்து ஊர் நனைந்து நடுங்கும்போது, மறுபக்கத்து ஊர் வெயிலில் காய்தலும் உண்டு.

நீலகிரி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அம்மலையின் மேற்குப் பகுதியில் உள்ள கூடலூர், தேவாலா முதலிய ஊர்கள் ஆனி முதல் ஆவணி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றால் பெருமழை பெறுகின்றன. கிழக்குப் பகுதியில் உள்ள குன்னூரும் கோத்தகிரியும் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளன. ஒரே மலையில் இரண்டு மழைக்காலங்கள். இரண்டு உழவு முறைகள். ஒரு பள்ளத்தாக்கிற்கு ஏற்ற விதைப்புக் காலம் அடுத்த பள்ளத்தாக்கிற்கு ஏற்காது. ஆதலின் மலைநாட்டு உழவரின் அறிவு பெரும்பாலும் அவரவர் சரிவிற்கே உரிய அறிவாகும். பாட்டன் தந்தைக்கும், தந்தை மகனுக்கும் சொல்லிக் கொடுத்தது அது.

அவ்வறிவு எத்துணை நுட்பமானது என்பதற்குச் சில பயிர்களைக் காண்போம்.

காப்பிச் செடி மார்கழி, தை, மாசித் திங்கள்களில் வறட்சியை விரும்பும். அக்காலத்தில் அதன் மொட்டுகள் உறங்குவனபோல் அடங்கியிருக்கும். பங்குனியிலோ சித்திரையிலோ ஒரு நல்ல மழை பெய்ததும் அம்மொட்டுகள் விழித்து, ஏறத்தாழ எட்டுப் பத்து நாள்களில் ஒருங்கே மலரும். தோட்டம் முழுவதும் வெண்பட்டு விரித்தாற்போலத் தோன்றும். மல்லிகையின் மணம் போன்றதொரு மணம் மலைச்சரிவெங்கும் கமழும். அதன்பின் சில வாரங்களுக்குள் மற்றொரு மழை வேண்டும்; இன்றேல் பிஞ்சு நிலைக்காது. கார்த்திகை முதல் தை ஈறாகப் பழம் பறிக்கும் காலம். அப்போது வெயில் வேண்டும். பறித்த பழத்தைக் களத்தில் உலர்த்த வேண்டும். ஆகவே காப்பி உழவர் வேண்டுவது 'நிறைய மழை' அன்று. உரிய வாரத்தில் உரிய மழை. தையிலே மழை பெய்தால் காலமல்லாக் காலத்தில் பூக்கும். ஒரே கிளையில் பூவும் காயும் பழமும் கலந்து நிற்கும். சித்திரை மழை தவறினால் மொட்டுகள் கருகும். பறிக்கும் காலத்தில் பெருமழை வந்தால் பழுத்த பழம் வெடித்து உதிரும். களத்தில் கிடப்பது பூஞ்சணம் பிடிக்கும்.

காப்பிக்கு நிழல் தரும் மரங்களைப் பற்றிப் படர்வது மிளகு. அதன் பூஞ்சரங்கள் கோடையின் இறுதியில் பெய்யும் முதல் மழைக்குத் தோன்றுகின்றன. தோன்றியபின் சிறு சிறு மழை தொடர்ந்து வரவேண்டும். இடையில் நெடுநாள் வறட்சி நேர்ந்தால் சரங்கள் உதிரும். அளவுக்கு மீறி மழை பெய்து வேரடியில் நீர் தேங்கினாலோ கொடியே வாடி அழியும். பல ஆண்டுகள் வளர்த்த கொடி சில வாரங்களில் பட்டுப்போவதும் உண்டு.

நீலகிரியில் உருளைக்கிழங்கு மூன்று போகமாகப் பயிரிடப்படுகின்றது. கோடை மழையை நம்பிப் பங்குனி, சித்திரையில் நடுவது கார்போகம். ஆவணியில் நடுவது கடைபோகம். தையிலே நட்டு, நீர் பாய்ச்சி வளர்ப்பது நீர்போகம். இப்பெயர்களே காலத்திற்கும் பயிருக்கும் உள்ள உறவைக் காட்டுகின்றன. குளிரும் ஈரமும் மூடுபனியும் நாள்கணக்கில் நீடிக்குமாயின் இலைக்கருகல் நோய் தோன்றி, பசுமையாய் நின்ற வயலைச் சில நாள்களிலேயே கருக்கிவிடுகின்றது. மழை பொய்த்து வானம் தெளிந்துள்ள மார்கழி இரவுகளிலோ உறைபனி விழுந்து இலைகளை எரித்துவிடுகின்றது. மிகுதியும் கேடு, குறைவும் கேடு.

இத்தகைய நுண்ணிய ஒழுங்கு இப்போது தளர்ந்து வருகின்றது. அதற்குரிய அடிப்படைக் காரணத்தை அறிவியல் தெளிவாகவே உரைக்கின்றது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதனாலும், காடுகளை அழிப்பதனாலும் வளிமண்டலத்தில் கரியமிலவாயு மிகுந்து, நிலவுலகம் வெப்பமடைந்து வருகின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 1.1 பாகை செல்சியசு மிகுந்திருந்தது. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 100க்கு 7 பங்கு மிகும். பெரிய குடத்தை நிரப்ப நெடுநேரம் ஆகும்; அது கவிழ்ந்தால் கொட்டும் நீரும் மிகுதி. அதுபோலவே, மழை பெய்யாத நாள்களும் நீளுகின்றன. பெய்யும்போது கொட்டும் மழையும் மிகுகின்றது. மத்திய இந்தியாவில் 1950க்கும் 2015க்கும் இடையே பரந்த நிலப்பரப்பில் பெய்யும் மிகக் கனத்த மழை நிகழ்ச்சிகள் ஏறத்தாழ மும்மடங்காயின என்றும், அங்கே பருவமழையின் மொத்த அளவோ குறைந்தது என்றும் வானிலை அறிஞர்கள் 2017ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டனர்.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு மலையூரில் ஒரு பருவத்தில் 100 சென்டிமீட்டர் மழை பெய்கின்றது என்று கொள்வோம். நாளொன்றுக்கு 2 சென்டிமீட்டராக 50 நாள் பெய்தால், மண் அதைப் பையப் பைய உறிஞ்சிக்கொள்ளும். சுனையும் ஊற்றும் ஊறும். கோடையிலும் குடிநீர் கிடைக்கும். நாளொன்றுக்கு 20 சென்டிமீட்டராக 5 நாளே பெய்தால், நீர் மண்ணுள் இறங்க நேரம் பெறாது. மேல்மண்ணையும் உரத்தையும் விதையையும் வாரிக்கொண்டு பள்ளத்தில் ஓடிவிடும். மழைக்கணக்கு எழுதும் ஏட்டில் இரண்டு ஆண்டுகளும் '100' என்றே காணப்படும். உழவரின் களத்திலோ, ஓராண்டில் நெல்லும் சாமையும் குவியும். மற்றோராண்டில் களம் வெறுமையாய்க் கிடக்கும். மொத்த அளவை மட்டும் நோக்குவோர் இவ்வேறுபாட்டை உணரார்.

சமவெளியில் மிகுந்த நீர் தேங்கி நின்று, சில நாள்களில் வடியும். சில வேளைகளில் வண்டலையும் விட்டுச் செல்லும். மலையில் நீர் தேங்குவதில்லை; பாய்கின்றது. பாயும் நீர் மண்ணைக் கொண்டே செல்கின்றது. மலைச்சரிவில் ஒரு விரற்கடை ஆழமுள்ள நல்ல மண் உண்டாதற்குப் பல தலைமுறைக் காலம் ஆகும். அஃது ஓரிரவில் போய்விடும். மலைநாட்டு உழவர் ஒரு போகத்தை இழப்பதோடு நில்லாமல், வரும் போகங்களுக்குரிய நிலத்தையே இழக்கின்றார். இதுவே அவர்க்கும் சமவெளி உழவர்க்கும் உள்ள பெருவேறுபாடு.

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் சில இதற்குச் சான்றாகும். 2009ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10ஆம் நாளன்று பதிவான கணக்கின்படி, நீலகிரியிலுள்ள கேத்தியில் ஒரே நாளில் ஏறத்தாழ 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மலைச்சரிவுகள் பல இடங்களில் பெயர்ந்து விழுந்தன. நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அதே மாவட்டத்தின் அவலாஞ்சியிலும் ஒரு நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. புதுவையில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே ஏறத்தாழ 130 சென்டிமீட்டர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த ஒருநாள் மழையின் கொடுமை புலனாகும். 2024ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் வைகறையில் கேரளத்து வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்கள்மீது மலை சரிந்து, இருநூற்றுவருக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் மலையகத்தில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் 2014ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகள் மண்ணுள் புதையுண்டன. இவையெல்லாம் மழையால் மட்டுமே நேர்ந்தவை என்று கூறிவிட முடியாது. சரிவுகளில் மரங்களை வெட்டியதும், பாதைக்கும் கட்டடத்திற்குமாக மலையின் அடியைக் குடைந்ததும், நீர் வழியும் ஓடைகளை அடைத்ததும் உடன்காரணங்கள் ஆகும். மாறிய மழை அப்பிழைகளைப் பொறுத்துக்கொள்வதில்லை.

இனி, தொடக்கத்தில் கண்ட மீனவரையும் உழவரையும் ஒரே மழை ஒருங்கே வாட்டிய நிகழ்ச்சியைக் கூறுவோம். 2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் என்னும் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்தபின் விரைந்து செல்லாமல், அவ்விடத்திலேயே பல மணி நேரம் நிலைகொண்டது. மறுநாட் காலைவரையிலான 24 மணி நேரத்தில் புதுவையில் பெய்த மழை 46 சென்டிமீட்டருக்கும் மேல். ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு ஒரு பகலிலும் ஓர் இரவிலும் பெய்துவிட்டது. தெருக்கள் வாய்க்கால்களாயின, வீடுகளுள் நீர் புகுந்தது, மக்களை மீட்கத் தரைப்படையினர் வந்தனர். கடற்கரைக் குப்பங்களில் நாள்கணக்கில் படகுகள் கரையிலேயே கிடந்தன.

அம் மழை அத்துடன் நின்றதா? இல்லை. வலுக்குறைந்த புயல் மேற்கு நோக்கி மெல்ல நகர்ந்தது. திசம்பர்த் திங்கள் முதல் நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவின் ஒரு பகுதி பெயர்ந்து வீட்டின்மீது விழ, குழந்தைகள் ஐவர் உட்பட எழுவர் இறந்தனர். மறுநாட் காலைவரை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏற்காட்டில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்தன. அது கார்த்திகைத் திங்கள். காப்பிப் பழம் சிவந்து, பறிக்கும் கைகளை எதிர்நோக்கி நின்ற காலம். பழுத்தவை மண்ணில் உதிர்ந்தன. எஞ்சியவற்றைப் பறித்தாலும் உலர்த்த வெயில் இல்லை. கீழே கொண்டுசெல்லப் பாதை இல்லை.

மலையிற் பெய்த அந்நீர் எங்கே சென்றது? சேர்வராயன் மலையின் வடபுறத்தே தோன்றும் வாணியாறு தென்பெண்ணையோடு கலக்கின்றது. சவ்வாது மலைப் பக்கத்து நீரும் அவ்வாற்றையே சேர்கின்றது. தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணை நிரம்பி, நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறந்துவிடப்பட்டது. ஆறு கரைபுரண்டு விழுப்புரம், கடலூர் மாவட்டங்களையும், புதுவையைச் சேர்ந்த பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களையும் சூழ்ந்தது. புதுவைக்கு நெல் தரும் பாகூர் வயல்களின்மேல் மலைநீர் பெருகி நின்றது. இவ்வாறு கடலிலிருந்து மலைக்குச் சென்ற நீர், மலையின் மண்ணையும் ஏந்திக்கொண்டு கடலுக்கே மீண்டது. மலையின் துன்பம் மலையோடு நிற்பதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய மாற்றத்தின் முன் மலைநாட்டு உழவர் கைகட்டி நிற்கின்றாரா? அன்று. அவரிடம் பழைய படைக்கலம் ஒன்று உண்டு. பறம்பு மலையை ஆண்ட பாரியின் வரலாறு மாணவர் அறிந்ததே. மூவேந்தரும் ஒருங்கே அம்மலையை முற்றுகையிட்டபோது, அதன் வலிமை மதிலில் இல்லை. உழவர் உழாமலே கிடைக்கும் உணவுகள் நான்கு அங்கே இருந்தன. மூங்கிலரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அவை. புறநானூறு உரைக்கும் செய்தி இது. ஒன்று இல்லாவிடினும் மற்றொன்று ஊட்டும். பலவகை உணவே மலையின் அரண் என்பது இதனால் விளங்கும்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் வாழும் உழவர்கள் நெடுங்காலமாகச் சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்களைப் பயிரிட்டு வந்தனர். சாமையிலேயே கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை எனப் பல இனங்கள் அங்கே உண்டு. சில விரைவில் விளைவன. சில நாள்பட விளைவன. மழை முன்னே வரினும் பின்னே வரினும், ஏதேனும் ஒன்று தப்பிப் பிழைக்கும். பிற்காலத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்கு வேண்டிய மரவள்ளிக்கிழங்கு நல்ல விலை பெற்றமையால், சாமை விளைந்த நிலங்கள் பல மரவள்ளிக்கு மாறின. கையிற் பணம் வந்தது உண்மை. அதனை இகழ்தல் ஆகாது. ஆயினும் கிழங்கைப் பிடுங்குங்கால் சரிவின் மண் தளர்ந்து மழைக்கு இரையாகின்றது; விலை வீழ்ந்தாலோ மழை கெடுத்தாலோ வீட்டில் உண்பதற்குத் தானியம் இல்லை. ஒற்றைப் பயிரை நம்பிய மலை, அரண் இழந்த மலையாகும்.

இதனை உணர்ந்து, 1988இல் நிறுவப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலை உழவரோடு கூடிச் சிறுதானிய இனங்களைக் காத்து வருகின்றது. ஊர்தோறும் விதைகளைச் சேமித்து வைத்தலும், உரலில் குற்றும் வருத்தம் தீரப் பெண்களுக்கு உமிநீக்கும் பொறிகள் அளித்தலும் அப்பணியின் பகுதிகள். ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டு என அறிவித்தது. பாட்டியர் குற்றிய சாமை உலகின் கவனத்தைப் பெற்றது.

விதையைக் காத்தல் ஒன்று; மண்ணைக் காத்தல் மற்றொன்று. சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் கல்வரப்பு எழுப்புதல், நிலத்தைப் படிபடியாகத் திருத்துதல், வரிசைகளுக்கிடையே நீர்க்குழிகள் தோண்டுதல், காப்பிக்கும் மிளகுக்கும் மேலே பலவகை நிழல்மரங்களை நிறுத்துதல் ஆகியவை பாயும் நீரை நடக்கச் செய்யும். நடக்கும் நீரை நிற்கச் செய்யும். மண்ணையும் நீரையும் காக்கும் முறைகளை ஆராய்வதற்கென்றே உதகமண்டலத்தில் 1954ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. ஏற்காட்டில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், பழனிமலைச் சாரலில் உள்ள தாண்டிக்குடியில் காப்பி ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. குருசுக்குப்பத்திற்கு அணித்தே, புதுவைக் கடற்கரையில் 1955இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளையும் அவற்றின் மழை, வெப்ப நிலைகளையும் ஆராய்ந்து நிலப்படங்கள் வெளியிட்டுள்ளது. கடற்கரையில் அமர்ந்து மலையை ஆராய்வது வியப்பன்று. மழை இரண்டையும் இணைத்துள்ளது அன்றோ?

வானத்தைப் பார்த்துக் காலம் அறியும் உழவர் தமிழகத்தில் மட்டும் உளர் என எண்ணுதல் வேண்டா. தென்னமெரிக்காவின் ஆண்டிசு மலையில் உருளைக்கிழங்கு பயிரிடும் உழவர், சூன் திங்களின் இறுதியில் விடியுமுன் எழுந்து, நாம் கார்த்திகை என வழங்கும் விண்மீன் கூட்டத்தை உற்று நோக்குவர். அது தெளிவாய் ஒளிர்ந்தால் மழை நன்கு வரும் என்பர். மங்கித் தோன்றினால் மழை பிந்தும் எனக்கொண்டு நடவைத் தள்ளிவைப்பர். பசிபிக் கடல் வெப்பமடையும் ஆண்டுகளில் உயர்ந்த வானில் மெல்லிய மேகம் படர்வதால் அவ்விண்மீன்கள் மங்குகின்றன என்றும், அவ்வாண்டுகளில் அம்மலையில் மழை குறைகின்றது என்றும் அறிஞர்கள் பின்னர்க் கண்டறிந்தனர். உழவரின் பட்டறிவு அறிவியலுக்குப் பகையன்று. ஆனால் பட்டறிவு என்பது பல்லாண்டு ஒழுங்கின்மேல் எழுந்தது. அவ்வொழுங்கே மாறும்போது, பழைய அடையாளங்கள் பொய்க்கின்றன. அப்போது பாட்டன் சொல்லைக் கேட்டு விதைத்த மகன், பாட்டனையே ஐயுறும் நிலை வருகின்றது. பயிர் அழிவினும் இது பெரிய இழப்பு. ஆதலின் உழவர் அறிவும் வானிலை நிலையங்களின் அறிவிப்பும் கைகோத்துச் செல்லவேண்டும். மாவட்டம் முழுவதற்கும் பொதுவான அறிவிப்பு மலைக்குப் போதாது. ஒவ்வொரு சரிவிற்கும் ஒரு மழைமானி வேண்டும்.

இப்பணியில் மாணவர்க்கும் பங்கு உண்டு. பள்ளித் திடலில் ஒரு மழைமானியை நிறுவி, நாடோறும் காலை எட்டரை மணிக்கு நீரை அளந்து ஏட்டில் எழுதலாம். 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்த நாளை மழைநாள் எனக் கணக்கிடுவது நம் நாட்டு வானிலைத் துறையின் முறை. ஆண்டின் மொத்த மழையோடு, மழைநாள்கள் எத்தனை, முதல் மழை எந்நாளில் வந்தது, ஒரே நாளில் பெய்த பெருமழை எவ்வளவு என்பனவற்றையும் குறித்து வைத்தல் வேண்டும். குருசுக்குப்பத்துப் பள்ளி மாணவர் ஓர் ஏடும், ஏற்காட்டுப் பள்ளி மாணவர் ஓர் ஏடும் எழுதி, ஆண்டிறுதியில் ஒப்பிட்டுப் பார்ப்பராயின், ஒரே மேகம் இரண்டு ஊர்களில் செய்தது யாது என்பது புலனாகும்.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். மழை அத்துணைப் போற்றற்குரியது. அம்மழையின் காலத்தைப் புகையாலும் கரியாலும் குலைப்பதில் மலைநாட்டுச் சிறு உழவரின் பங்கு மிகச் சிறியது. அதனால் விளையும் இழப்போ அவர் வாசலுக்கே முதலில் வருகின்றது. அவர் எழுப்பும் கல்வரப்பு ஒவ்வொன்றும், அவர் காக்கும் மரம் ஒவ்வொன்றும் அவர் தோட்டத்தை மட்டும் காப்பதன்று. கீழேயுள்ள பாகூர் வயலையும், அப்பாலுள்ள கடற்கரையையும் காக்கின்றது. ஆகவே மலையுழவர்க்குச் செய்யும் உதவியைக் கொடை என்று கருதுதல் பிழை. அது சமவெளியினர் செலுத்தவேண்டிய கடன்.

குருசுக்குப்பத்து மீனவர் நாளையும் கீழ்வானத்தை நோக்குவார். அவர் காணும் மேகம் மேற்கே செல்லும். அம்மேகம் சேரும் மலையிலே மரம் நிற்கவேண்டும், மண் நிற்கவேண்டும், அம்மண்ணை உழும் மக்களும் நிற்கவேண்டும்.

வினாக்கள்

1. முதற்பொருள் என்பது யாது? அக்கருத்து மலைநாட்டு உழவரின் வாழ்க்கைக்கு எவ்வாறு பொருந்துகின்றது?
2. காப்பிச் செடிக்கு எவ்வெப்பொழுது மழை வேண்டும்? எப்பொழுது வேண்டா?
3. மொத்த மழை மாறாதிருந்தும் உழவர்க்குக் கேடு விளைதல் எவ்வாறு? கணக்கின் வாயிலாக விளக்குக.
4. ஃபெஞ்சல் புயலின் மழை கடற்கரையையும் மலையையும் மீண்டும் சமவெளியையும் தாக்கிய வரலாற்றைச் சுருக்கி எழுதுக.
5. 'பலவகை உணவே மலையின் அரண்.' பறம்பு மலை, கொல்லிமலைச் செய்திகளைக் கொண்டு இக்கருத்தை நிறுவுக.